ஆறு மணிக்குப் பிறகு நம் தெரு: செட்டிநாட்டு ஊர்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். ராத்திரி விளக்கு எரிவது ஏழு வீட்டில்தான். மற்றவர்கள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி, முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால் கதவு திறக்கும். மூன்று நாள் தெரு ஜேஜே என்று இருக்கும். நாலாம் நாள் பழையபடி பூட்டு.

அந்த ஏழு வீட்டில் ஒன்றில் எண்பது வயது ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். “ராத்திரியில் பயமா இருக்கா ஆச்சி?” என்று போன வருஷம் கேட்டேன். கள்ளன் பயத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். “கள்ளனுக்கு இங்க என்ன இருக்கு? நகையெல்லாம் லாக்கர்ல. வளவுல வழுக்கி விழுந்து கெடந்தா எத்தனை நாள் கழிச்சு யாரு வந்து கதவத் தட்டுவாங்க? அதுதான் பயம்” என்றார். வளவு என்றால் வீட்டுக்கு நடுவில் உள்ள முற்றம்.

அப்போது நாங்கள் தெருவுக்குக் கேமரா மாட்டப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தோம். ஆச்சியின் பயத்துக்குக் கேமராவால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வசூலை நிறுத்திவிட்டு, முதலில் எல்லாரையும் கேட்போம் என்று முடிவு செய்தோம். கேட்டு, நடந்து பார்த்து, மனு கொடுத்து, சிலது நடந்து, சிலது நடக்காமல் போன ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எந்த ஊராக இருந்தாலும் பொருந்தும்.

தொடங்கும் முன்: நம் தெரு எப்படிப்பட்டது?

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பும் திண்ணையும் ஒரு தெருவைப் பார்க்கும். பின்கட்டின் கதவு மறு தெருவில் திறக்கும். அதனால் பல ஊர்களில் ஒரு தெருவுக்கு இருபுறமும் முகப்பு, அதற்கடுத்த தெருவுக்கு இருபுறமும் நீண்ட வெறும் சுவர். ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் அந்தப் பின்தெருவிலும் மாட்டுவண்டி நிற்கும், சமையலுக்கு வந்தவர்கள் போவார்கள் வருவார்கள். இன்றைக்கு அங்கே ஒரு ஜன்னலும் திறப்பதில்லை. கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. முகப்புத் தெருவில் மூன்று விளக்கு இருக்கும், பின்தெருவில் ஒன்றுகூட எரியாது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குக் குறுக்கு வழியாகப் பெண்கள் நடப்பதோ அந்தப் பின்தெருவில்தான்.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால், பின்னால் வரும் வேலை பாதி சுலபம்.

படி 1: கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

“நம்ம ஊரு பாதுகாப்பா இருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் “நம்ம ஊருக்கு என்ன குறைச்சல்?” என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெருமையைக் கேட்டதுபோல் ஆகிவிடும். உலகம் முழுக்க இதற்கென்று பழகிப்போன ஒரு கேள்வி இருக்கிறது. பிரிட்டனில் 1982-இல் தொடங்கிய குற்றக் கணக்கெடுப்பில் கேட்கப்படுவது, ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளிலும் 16.1.4 என்ற எண்ணில் இதே விஷயம்தான் அளவுகோல். நம் பேச்சில் சொன்னால் இப்படி: “இருட்டின பிறகு, உங்க வீட்டைச் சுத்தி இருக்கிற தெருவில் தனியா நடந்து போகணும்னா எப்படி இருக்கும்? பயமே இல்லையா, பெரும்பாலும் பயமில்லையா, கொஞ்சம் பயமா, ரொம்பப் பயமா?”

“இருட்டின பிறகு”, “தனியா”, “வீட்டைச் சுத்தி” என்ற மூன்று சொற்களில் ஒன்றை விட்டாலும் பதில் மாறிவிடும். நான்கு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் மூன்று துணைக் கேள்விகள்: எந்த இடம், எந்த நேரம், எதனால்?

பத்து வீடு போதும். ஆனால் வீட்டுக்கு ஒருவரை மட்டும் கேட்காதீர்கள். வீட்டுப் பெரியவர் “ஒரு பயமும் இல்லை” என்று திண்ணையில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே அவர் மருமகள் வேறு பதில் வைத்திருப்பார். பெண்களைத் தனியாக, பெண்களே கேட்க வேண்டும். கல்லூரிக்குப் போய் வரும் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னது: “பஸ்ஸை விட்டு இறங்கினதும் போனைக் காதில் வச்சுக்குவேன் அக்கா. அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. பேசுற மாதிரியே வீடு வரைக்கும் வருவேன்.” மூன்று வருஷமாக அப்படி வந்துகொண்டிருக்கிறாள். அவள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. வயதானவர்களும் பெண்களும்தான் அதிகம் பயப்படுகிறார்கள், தெருவில் அடிதடிக்கு அதிகம் ஆளாவதோ இளம் ஆண்கள் என்று பல நாட்டுக் கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு “வீண் பயம்” என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பயந்தவர்கள் ஏழு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்வதால்தான் அவர்களுக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவர்கள் இழப்பது கொஞ்சமில்லை. கோயில், பேச்சு, காற்று எல்லாம் போகிறது.

யாரைக் கேட்க மறந்துவிடுவோம் என்றும் சொல்கிறேன். காலனியில் இருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், பழைய வீடுகளைப் புதுப்பிக்க வந்து தங்கியிருக்கும் வடநாட்டுத் தொழிலாளர்கள். “எங்களைப் பார்த்து ஊர் பயப்படுது. ராத்திரி கடைக்குப் போனா யாராவது நிறுத்திக் கேள்வி கேப்பாங்கன்னு எங்களுக்குப் பயம்” என்றார் அவர்களில் ஒருவர், அரைகுறைத் தமிழில். நமக்குக் காவலாகத் தோன்றும் திண்ணைக் கண்கள் இன்னொருவருக்கு விசாரணையாக இருக்கலாம். அந்தப் பதிலும் உங்கள் நோட்டில் ஏற வேண்டும். பெயர் எழுத வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, எந்தத் தெரு என்பது போதும்.

படி 2: ராத்திரியில் நடந்து பாருங்கள்

1989-இல் கனடாவின் டொராண்டோவில் பெண்கள் குழுவாகத் தங்கள் தெருக்களில் நடந்து, எங்கே எதனால் பயமாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும் முறையை உருவாக்கினார்கள். டெல்லியில் 2013-இல் தொடங்கிய சேஃப்டிபின் செயலி அதே முறையைப் போனுக்குள் கொண்டுவந்தது. நமக்குச் செயலி தேவையில்லை. ஒரு முழு வெள்ளைத் தாளில் ஊரின் தெருக்களை வரைந்துகொள்ளுங்கள். ஊரணி, கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, டாஸ்மாக் இவற்றைக் குறியுங்கள். பிறகு நாலைந்து பேராகக் கிளம்புங்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். வயதானவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அவர் நடை வேகத்தில்தான் சாக்கடை மூடி இல்லாத இடம் கண்ணில் படும்.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். பௌர்ணமியில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். இரண்டு நடை வேண்டும்: ஏழு மணிக்கு ஒன்று, கடைசி பஸ் வந்து போன பிறகு ஒன்று. ரயிலடி பக்கம் இருப்பவர்கள் பல்லவன் எக்ஸ்பிரஸ் ராத்திரி வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் நின்று பாருங்கள். பயமாகத் தோன்றினால் தாளில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். எதிரில் வருபவர் முகம் பத்தடி தூரத்தில் தெரிகிறதா? ஒருவர் மறைந்து நிற்கும்படி மூலை, இடிந்த சுவர், சீமைக் கருவேலப் புதர் இருக்கிறதா? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கும் வீடு உண்டா? பாதை நடக்கும்படி இருக்கிறதா? நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கின்றனவா? தெருவில் பெண்கள் யாராவது தென்படுகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆண்கள் மட்டும் நிற்கும் இடம் எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் ஒரு பெண் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

எங்கள் நடையில் அதிகச் சிவப்புப் புள்ளி விழுந்த இடம் ஊரணியின் மேலக் கரை. விளக்கு இருக்கிறது, எரிகிறது. ஆனால் வேப்பமரக் கிளை விளக்கை முழுசாக மூடியிருந்தது. வெளிச்சமெல்லாம் இலைக்குத்தான். கீழே நான்கு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். பகலில் அதே கரையில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறோம், ஒருவர் கண்ணிலும் அந்தக் கிளை பட்டதில்லை.

படி 3: எது யார் வேலை என்று பிரியுங்கள்

இங்கேதான் பலரும் களைத்துப்போகிறார்கள். தவறான ஆளிடம் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம்.

தெருவிளக்கு பல்பு எரியவில்லை என்றால் அது உள்ளாட்சியின் வேலை: ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. மின்கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியம். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். எதற்கும் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். “பிள்ளையார் கோயில் பக்கத்து விளக்கு” என்றால் நம் பக்கம் ஊருக்கு நாலு பிள்ளையார் கோயில். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது சுற்றியுள்ள சில ஊர்களும் அதோடு சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் தெரு இப்போது யார் கையில் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

புறம்போக்கில் வளர்ந்த புதருக்கு உள்ளாட்சியிடம் போக வேண்டும். பட்டா இடம் என்றால் உரிமையாளருக்குப் போன் போட வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும். துபாயில் இருக்கும் ஒருவருக்கு எங்கள் தெருப் பையன் அவர் கொல்லைப்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினான். அந்த வாரமே ஆள் வந்து வெட்டினார்கள். தன் வீட்டுப் பின்சுவர் ஊருக்குப் பயமாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கவில்லை.

உங்கள் ஊர் ஊராட்சி என்றால் பெரிய விஷயங்களைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வரைபடத்தையும் கொண்டுபோங்கள். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தால் தலைவரோ தனி அலுவலரோ கேட்கும் கேள்வியே மாறிவிடும். அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம், இல்லையென்றால் முதல்வரின் முகவரி 1100.

படி 4: பூட்டிய வீடுகள்

நம் பகுதிக்கே உரிய பிரச்சினை இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். சாவி ஒருவரிடம், அக்கறை ஒருவரிடம், நேரம் ஒருவரிடமும் இல்லை. முதலில் தெருவில் உள்ள ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்கும் ஒரு பெயர், ஒரு போன் எண் வேண்டும். இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எந்த வீடு எத்தனை மாதமாகப் பூட்டியிருக்கிறது என்ற தகவல் திருடனுக்கு நாமே கொடுக்கும் வரைபடம். ஒரு நோட்டில் எழுதி நம்பகமான இருவரிடம் இருக்கட்டும்.

வீட்டுக்காரர்களிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது நான்குதான். வாசல் பெருக்கித் தினமும் கோலம் போட ஒரு ஆள். முகப்பில் இருட்டினால் தானாக எரியும் சென்சார் பல்பு ஒன்று, பின்வாசலில் ஒன்று. முற்றத்துக்கு மேலே கம்பி வலை. நம் வீடுகளில் ஓட்டின் மேல் ஏறி வளவுக்குள் இறங்குவது கதவை உடைப்பதைவிடச் சுலபம். பின்கட்டில் ஏணி, சுவரை ஒட்டிய மரக்கிளை, அடுக்கிய செங்கல் எதுவும் கிடக்கக் கூடாது.

இதில் கோலத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கோலம் போட வரும் அம்மா தினமும் அந்தக் கதவைப் பார்க்கிறார். பூட்டு நகர்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அவருக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள், காவல் வேலையையும் சேர்த்துத்தான் அவர் செய்கிறார்.

அடுத்து, வீட்டில் உள்ள பழம்பொருட்களைப் படம் எடுத்து வையுங்கள். தேக்கு நிலை, கதவுச் சிற்பம், தூண், பெல்ஜியம் கண்ணாடி, தஞ்சாவூர் ஓவியம், வெண்கல விளக்கு எல்லாவற்றையும் முன்னும் பின்னும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, கீறல், பொறித்த பெயர், உடைந்த விளிம்பு தெரிய எடுக்க வேண்டும். “ஒரு பழைய கதவு காணோம்” என்று புகார் கொடுத்தால் எந்தக் கதவு என்று யாராலும் சொல்ல முடியாது. அது கைமாறிய பிறகு நம்முடையதுதான் என்று நிரூபிக்க அந்தப் படம் ஒன்றே சாட்சி. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருட்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. நல்ல படம் கையில் இருந்தால் தேடுவதற்கும் தடுப்பதற்கும் வழி இருக்கிறது.

ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்தில் உங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். ரோந்து வருபவர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் உங்கள் தெருவில் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். பின்தெருவில் ஒன்று வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 5: தனியாக இருக்கும் பெரியவர்கள்

ஆச்சிக்குக் குனிந்து கோலம் போட முடியாது. அதனால் வேறு ஒரு ஏற்பாடு. ராத்திரி அவர் முகப்பு விளக்கைப் போடுவார், காலை ஆறரைக்கு அணைப்பார். ஏழு மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எதிர்வீட்டு அண்ணன் போய்க் கதவைத் தட்டுவார். மாற்றுச் சாவி இரண்டு வீட்டில் இருக்கிறது. செலவு ஒரு பைசா இல்லை. இதுவரை இரண்டு தடவை தட்டியிருக்கிறார். ஒன்று, ஆச்சி அசந்து தூங்கிவிட்டார். இன்னொன்று, காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

தடித்த சுவர்களுக்குள் போன் சிக்னல் சில இடத்தில் கிடைக்காது. எந்த அறையில் கிடைக்கிறது என்று பார்த்து, பெரியவர்களின் கட்டிலை அங்கே மாற்றுங்கள். 112, 108, பக்கத்து வீட்டு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். முதியோர் உதவிக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. “பேங்க்கிலிருந்து பேசுகிறோம்” என்று பணத்தைப் பறித்துவிட்டால் உடனே 1930. போனிலேயே பயமுறுத்திப் பணம் பறிப்பது இப்போது பெரியவர்களை நடுங்க வைக்கிறது.

காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி 2022-இல் வந்தது. வெளியில் போய் வரும் பெண்கள் போனில் அதை ஏற்றி, சிவப்புப் பொத்தான் எங்கே என்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள்.

படி 6: புகார் கொடுக்கத் தயங்காதீர்கள்

செயின் பறிப்பு, பின்தொடர்தல், தொல்லை எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு சைக்கிள் திருட்டுக்கு வாயால் சொல்லிவிட்டு வந்தோம், ஒரு ரசீதும் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் போனால் அப்படி ஒரு புகார் வந்ததாகவே பதிவு இல்லை.

மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம்.

சாட்சி சொன்னால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று பல பெண்கள் கண்டதைச் சொல்வதில்லை. அதே சட்டத்தின் 179-ஆம் பிரிவு, பெண்களையும் அறுபது வயது தாண்டியவர்களையும் விசாரணைக்கு வீட்டை விட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்கிறது. இதை எங்கள் தெருவில் சொன்ன அன்றைக்கு, ஒரு அக்கா நான்கு மாதத்துக்கு முன் பார்த்ததைச் சொன்னார்.

படி 7: கேமரா கடைசியில்

வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்கில்லாத தெருவில் கேமரா கறுப்பைத்தான் பதிவு செய்யும். முதலில் விளக்கு, கிளை, புதர். பிறகும் தேவைப்பட்டால் ஊருக்குள் வரும் வழிகளில் வையுங்கள். யாருடைய வாசலையும் வீட்டுக்குள்ளும் பார்க்காதபடி திருப்பி மாட்டுங்கள். பதிவை யார் பார்க்கலாம் என்று எழுதி வையுங்கள். பெண்கள் போவதையும் வருவதையும் கணக்கெடுக்க அது பயன்பட்டால் நாமே ஒரு புதுப் பயத்தை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

படி 8: ஆறு மாதம் கழித்து அதே கேள்வி

அதே பத்து வீடு, அதே ஆட்கள், அதே நான்கு பதில். திருவிழா நேரத்தில் கேட்காதீர்கள். ஊர் நிறைந்திருக்கும்போது பதில் நன்றாகத்தான் வரும்.

எங்களுக்கு மேலக் கரைக் கிளையை வெட்ட நாலு மாதம் ஆனது. குடிப்பவர்கள் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறார்கள், நிறுத்தவில்லை. இரண்டு பின்தெருக்களில் விளக்கு வந்துவிட்டது. மூன்றாவதற்கு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. கல்லூரிப் பெண் “பெரும்பாலும் பயமில்லை”க்கு மாறியிருக்கிறாள். போனை மட்டும் இன்னும் காதில் வைத்துக்கொண்டுதான் வருகிறாள்.

ஆச்சியிடமும் போய்க் கேட்டேன். போன தடவை “ரொம்பப் பயம்”. இந்தத் தடவை “கொஞ்சம் பயம்” என்றார். எந்த இடம் என்று கேட்டேன். வளவைச் சொல்லவில்லை. “கோயிலுக்குப் போற வழியில அந்தத் திருப்பத்துல நாய் படுத்திருக்கு. போன வாரந்தான் பார்த்தேன்” என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.